பேபிக்கு மூன்று மாதம்: எங்கள் கல்யாணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிற தை மாதம், பட்டிப்பொங்கல் முடிந்த கையோடு, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கல்யாணம். செய்தி போனதிலிருந்து ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் போன் வருகிறது. கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். நான் கதையைத் தொடங்கி வேலிக்கு வருவதற்குள் பால் கறக்கும் நேரம் வந்துவிடுகிறது. ஆகவே எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். இதை வாசித்துவிட்டு எடுங்கள்.

நீ கர்ப்பமாக இருந்தாயாமே, உண்மையா?

இல்லை. கர்ப்பமாக இருந்தது பேபி. பேபி எங்கள் வீட்டுப் பசு. ஜேர்சிக் கலப்பு, மண்ணிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

அப்படியென்றால் அம்மம்மா அனுப்பிய குரல் பதிவு?

அந்தப் பதிவு இப்போது எத்தனை பேருடைய போனில் இருக்கிறதோ தெரியாது. ரொறன்ரோ மாமிக்கு அம்மம்மா வட்ஸப்பில் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை, கதை தெரியுமே? எங்கட பேபிக்கு மூண்டு மாசமாம். டொக்டர் கை வைச்சுப் பாத்துச் சொல்லிப்போட்டார். பக்கத்து வளவுக்காரர்தான் காரணம். பொடியன் தானே வந்து ஒத்துக்கொண்டிட்டான். இனிச் செலவெல்லாம் அவையின்ர பொறுப்பு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மாமி ஊரை விட்டுப் போனபோது அந்தப் பசு பிறக்கவே இல்லை. குடும்பத்தில் கடைசிப் பெண்ணைப் பேபி என்று கூப்பிடுவது எங்கள் வழக்கமும்கூட. கடைசிப் பெண் நான். மாமி முதலில் அழுதார், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு ஒரு சங்கிலிக்குக் காசு அனுப்பினார். விஷயம் விளங்கிய பின் காசைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வைச்சிரு, எப்பவோ ஒரு நாளைக்குத் தேவைப்படும்" என்றார். மாமிக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பேபி எப்படிக் கர்ப்பமானாள்?

இதற்கு வன்னி மாடுகளின் வருஷக் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுபோக அறுவடை முடிந்த வயலில் மாடுகள் தம் பாட்டில் மேயும். புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்புத் தொடங்கினால் வயற்கரையில் ஒரு மாடு நிற்கக்கூடாது. பெரிய பட்டிக்காரர் காட்டுக்கரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய இடம் போதாது என்பது இங்கே ஒவ்வொரு மழைக்கும் எழும் சண்டை. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் வளவுக்குள் கட்டி வைத்துப் புல் வெட்டிப் போடுவோம். பக்கத்து வளவிலும் அப்படித்தான், ஒரு நாம்பனை, அதாவது காளையை, கட்டியிருந்தார்கள். பெயர் கறுவல். குள்ளம், கட்டுடம்பு, திமில் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது.

ஐப்பசி கடைசியில் ஒரு விடியற்காலை பேபி கத்தத் தொடங்கினாள். மாடு வளர்ப்பவர்களுக்கு அந்தக் கத்தல் எதற்கென்று தெரியும். 21 நாளுக்கு ஒரு தடவை வரும், வந்தால் 12 முதல் 18 மணித்தியாலம் வரை இருக்கும், அதற்குள் காரியம் நடக்க வேண்டும். காலையில் கத்தினால் பின்னேரம் சினை ஊசி போடுவது வழக்கம். நான் போன் செய்தேன். ஊசி போடுகிறவரும் வருவதாகத்தான் சொன்னார். மத்தியானம் பிடித்த மழையில் வழியில் உள்ள பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. மனுஷனால் வர முடியவில்லை. அடுத்த தடவை பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

மனுஷர்தான் வர முடியாமல் நின்றார்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது கதியால் வேலி, மரக்கம்புகளை நட்டுக் கட்டிய வேலி. மழையில் மண் இளகினால் கதியாலை ஆட்டிப் பிடுங்கலாம், கறுவலுக்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.

மூன்று மாதமாக உனக்குத் தெரியாதா?

21 நாள் கழித்துக் கத்தவில்லை. தீனி குறைவு போல என்று நினைத்தேன். அடுத்த 21 நாளும் போனது. தை முடியும்போது டொக்டரைக் கூப்பிட்டேன். தோள்வரை வரும் கையுறையைப் போட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தவர், "தங்கச்சி, ஊசி போட என்னைக் கூப்பிட்டனீங்களோ? ஆரோ முந்திட்டாங்கள்" என்றார். அம்மம்மா கொட்டில் வாசலில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

காரணம் யாரென்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அன்று பின்னேரமே வேலியைச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தில் இரண்டு கதியாலை நீல நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் நீல நைலோன் கயிறு கிடையாது. கட்டிய முடிச்சு நல்ல சுத்தமான முடிச்சு, கோபத்திலும் அதைக் கவனித்தேன்.

நான் போய்க் கேட்பதற்கு முன்னமே பக்கத்து வளவுக்காரரின் மகன் எங்கள் படலைக்கு, வேலி வாசலுக்கு, வந்து நின்றார். கையில் தொப்பி. "எங்கட நாம்பன்தான். அண்டைக்கு விடிய உங்கட கொட்டிலடியில நிண்டது. பிடிச்சுக்கொண்டு போய் வேலியைக் கட்டிப்போட்டன். சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை" என்றார். டொக்டர் எங்கள் வீட்டிலிருந்து நேரே அவர்கள் வீட்டுக் கன்று ஒன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப் போயிருக்கிறார். கதை அப்படிப் போயிருக்கிறது.

"சரி அண்ணை, இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டேன். ஓம், அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இதை வைத்து என்னைக் கேலி செய்ய விரும்பும் மச்சாள்மார் வரிசையில் வரவும்.

இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? மாடு சினைப்பட்டது நல்லதுதானே?

நகரத்தில் இருந்து கேட்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் வீட்டுக் காசு பேபியின் மடியிலிருந்து வருகிறது. காலையும் மாலையுமாக ஏழு எட்டு லீற்றர் கறப்பாள். பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்பும் மற்றத் திண்மமும் அளந்துதான் காசு தருவார்கள். நல்ல ஜேர்சி ஊசி போட்டு ஒரு நாகு கன்று, அதாவது பெண் கன்று, பிறந்தால், மூன்று வருஷத்தில் இன்னொரு பேபி. ஊர் மாடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் தரும். கறுவலின் கன்று எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? அது பிறந்து, பேபி மறுபடி கத்தும்வரை ஒரு வருஷம் கிட்டப் போய்விடும். எனக்கு அந்த வருஷம்தான் நட்டம்.

அவருடைய அம்மாவின் கணக்கு வேறு. நாம்பனைக் கொண்டுபோய் விட்டால் பசுக்காரர்தான் காசு கொடுக்க வேண்டும், அதுதான் உலக வழக்கம், பக்கத்து வீடு என்றபடியால் கேட்கவில்லை என்றார். அம்மம்மா பதிலுக்கு வேலிக் கதியாலுக்கு விலை சொன்னார். கன்று யாருக்கு என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. தாய் யாருடையதோ கன்றும் அவருடையது, அதைச் சட்டமும் சொல்லும், பட்டிக்காரரும் சொல்வார்கள்.

முடிவில் அவர்தான் ஒரு வழி சொன்னார். கன்று போடும்வரை பேபிக்கு வைக்கோலும் புல்லும் தவிடும் தன் பொறுப்பு. இதைத்தான் அம்மம்மா "செலவெல்லாம் அவையின்ர பொறுப்பு" என்று கனடாவுக்கு அறிவித்தது.

கறுவலைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவும் சொல்ல வேண்டும். 2009 இல் சனம் மாடுகளை அவிழ்த்துவிட்டு நடந்தது. மீள்குடியேறி வந்தபிறகு காட்டில் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளில் குறியைப் பார்த்துத் தங்கள் மாட்டைத் தேடினவர்கள் பலர். அவருடைய தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பசு. அந்தப் பரம்பரையில் வந்தவன்தான் கறுவல். வெயில், உண்ணி, பஞ்சப் புல் எதுவும் அந்தச் சாதியை லேசில் விழுத்தாது. இதை அவர் எனக்குச் சொன்னபோது வைக்கோல் கட்டு அவர் தலையில் இருந்தது, இறக்கி வைக்கவும் மறந்துவிட்டார்.

காதல் எப்போது வந்தது?

சரியான நாள் சொல்லத் தெரியாது. சுற்றி வருவது வீண் என்று வேலியில் கறுவல் வந்த அந்தப் பொட்டை, அந்த இடைவெளியை, திறந்து அதுக்குள்ளாலேயே வரத் தொடங்கினார். முதலில் காலையில் மட்டும். பிறகு பின்னேரமும். பேபிக்கு ஒரு நாளைக்கு இரண்டு நேரத் தீனி தேவை என்பது உண்மைதான், ஆனால் கொட்டில் கூட்டும் வேலை ஒப்பந்தத்தில் இருக்கவில்லை.

பேசியது முழுக்கப் பேபியைப் பற்றித்தான். சுவரில் தொங்கும் கலண்டரில் அவர் பென்சிலால் 280 நாள் எண்ணிக் குறித்தார். பசுவுக்கும் மனுஷிக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆடி கடைசி என்று வந்தது. பெரிய கலண்டர், அதில் கரிநாளும் ராகுகாலமும் இருக்கும். பேபியின் நாளுக்குப் பக்கத்தில் "ஆடி. ஒன்றும் நல்ல காரியம் செய்யேலாது" என்று எழுதியிருந்தார். எந்த நல்ல காரியம் என்று நான் கேட்கவில்லை. அவருடைய காது சிவந்தது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அம்மம்மாவுக்கு நேர்த்தி. பேபி சுகமாகக் கன்று போட வேண்டும் என்று வைத்த நேர்த்தி. ஓட்டோவில் அம்மம்மா நடுவில், நாங்கள் இரண்டு கரையில். கடல் நீரில் விளக்கெரியும் கோயில் அது. அந்தச் சனத்துக்குள் அம்மம்மா இரண்டு தடவை தொலைந்துபோனார். வேணுமென்றே தொலைந்தாரா என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆனியில் பேபிக்குப் பாலை வற்றவிட வேண்டியிருந்தது. கன்று போட முதல் இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு கொடுத்தால்தான் பிறகு பால் நன்றாக வரும். பால் இல்லாத இரண்டு மாதம் வீட்டில் காசும் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தன் வீட்டு மாட்டுப் பாலில் ஒரு போத்தல் ஒவ்வொரு நாளும் பொட்டடியில் வைத்துவிட்டுப் போவார். கேட்டால் "கறுவலின்ர கடன்" என்பார்.

எனக்கு முன்பும் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், பலகாரத் தட்டைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், வானில் ஏறிப் போவார்கள். ஒருவர் எப்படிச் சாணி அள்ளுகிறார், களைத்துப்போனால் மாட்டை அடிக்கிறாரா, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்பதெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில் தெரியாது. இவருடைய விஷயத்தில் எனக்கு அது கல்யாணப் பேச்சு வரும் முன்னமே தெரிந்துவிட்டது. தரகர்மார் கோபிக்க வேண்டாம், பெண் பார்க்கும் நாளில் மாப்பிள்ளையைக் கொட்டிலுக்குள் ஒரு தரம் அனுப்பிப் பார்க்கலாம்.

கன்று போட்ட இரவு என்ன நடந்தது? ஆளாளுக்கு ஒரு மாதிரிச் சொல்கிறார்கள்.

இரண்டு நாள் முன்பே மடி இறுகியது, வால் அடியில் எலும்புக்குப் பக்கத்துத் தசை இளகிக் குழி விழுந்தது. அவர் சாக்கை விரித்துக்கொண்டு கொட்டிலடியில் படுத்தார். அம்மம்மா திண்ணையில் படுத்து அவரைக் காவல் காத்தார்.

சாமத்தில் பன்னீர்க்குடம் உடைந்தது. முன்னங்கால் இரண்டும் வந்து, அதன் மேல் மூக்கு வந்தால் கன்று நேராக வருகிறது என்று அர்த்தம். ஒரு கால்தான் தெரிந்தது. குடம் உடைந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் டொக்டரைக் கூப்பிட வேண்டும், கண்டபடி இழுக்கக்கூடாது. நான் போனில் டொக்டரை எழுப்பினேன். தூரத்தில் யானைக்கு வெடி போடும் சத்தம், அந்த நேரம் அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் யார் வருவது? டொக்டர் போனிலேயே சொல்லச் சொல்ல, இவர் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, மடங்கிக் கிடந்த மற்றக் காலை மெதுவாக நேராக்கினார். டோர்ச் பிடித்தது நான். கை நடுங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். நடுங்கியது அவருடைய கை, டோர்ச் ஆடவில்லை.

பிறகு எல்லாம் சுகமாக நடந்தது. குள்ள நாம்பனுடைய கன்று சின்னதாக இருந்ததும் பேபிக்கு நல்லதாகப் போனது. தொப்புளுக்கு அயடீன் வைத்து, விடிய முதல் கடும்புப் பால் ஊட்டினோம். அந்த முதல் பாலை முதல் சில மணித்தியாலத்துக்குள் குடித்தால்தான் கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி வரும். இளங்கொடியும் காலையில் தானாக விழுந்தது. நாகு கன்று. தாயின் மண்ணிறம், தகப்பனின் திமில்.

அப்போதுதான் கல்யாணத்துக்குக் கேட்டாரா?

இல்லை. அன்று நித்திரை தூங்கிப் போனார். கேட்டது ஆவணி பிறந்த பிறகு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி வைக்கோல் கொண்டுவரக் காரணம் இல்லை. ஒரு பின்னேரம் மண்வெட்டியும் கம்பிச் சுருளுமாக வந்து வேலியடியில் நின்றார். நானும் போனேன்.

"மழை வரமுதல் இதுக்கொரு வழி செய்ய வேணும். பொட்டை அடைக்கட்டோ, இல்லாட்டி ஒரு படலை போடட்டோ?"

"படலை போட்டா ஆர் திறந்து மூடுறது?"

"ரெண்டு பக்கத்தாலயும் திறக்கிற மாதிரிப் போடலாம்."

"நல்ல பலகையாப் போடுங்கோ" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. உள்ளே இருந்து அம்மம்மா, "பாலை மரத்தில போடச் சொல்லு, கறையான் அரிக்காது" என்றார்.

சாதகம் பொருந்தியதா?

ஓம். பார்க்க முதலே படலைக்குக் கால் நட்டாயிற்று, ஆகவே சாத்திரியாரும் கஷ்டப்பட்டுப் பார்க்கவில்லை.

சீதனம்?

கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. காணி அம்மாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு வருகிறது, அது எப்படியும் வரவேண்டியது. லண்டன் சித்தப்பா சட்டம் கேட்டபடியால் சொல்கிறேன். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதித் தொகுத்த தேசவழமைச் சட்டம்தான் வடக்கில் எங்களுக்கு. அதோடு 1911 இல் வந்த கட்டளைச் சட்டமும் சேரும். அதன்படி கல்யாணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு அப்படி இல்லை. அதாவது என் காணியை விற்க அவருடைய கையெழுத்து வேண்டும், பேபியை விற்க அது தேவையில்லை. இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "பேபியை விக்கப் போறீரோ?" என்று முகம் வாடிப்போனார். காணியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பேபி இப்போது எப்படி?

நன்றாகக் கறக்கிறாள். கார்த்திகையில் மறுபடி கத்தினாள், இந்த முறை மழை இல்லை, ஊசி போட்டாயிற்று. போடும்போது கறுவலின் கயிற்றை மாப்பிள்ளையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகு கன்றை விற்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். அது ஜேர்சியா ஊரா என்று நான் இப்போது கவலைப்படுவதில்லை, கொடுப்பதாகவும் இல்லை.

கடும்புப் பால் கிடைக்குமா?

அது கன்று போட்ட முதல் சில நாளுக்குத்தான். சீனி போட்டுக் காய்ச்சிக் கட்டியாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். தையில் வந்து கேட்டால் தயிர்தான்.

மொய்யாக என்ன கொண்டுவரலாம்?

சுவர் மணிக்கூடு வேண்டாம். முன்பு அக்காவின் கல்யாணத்தில் வந்தவை இன்னும் பெட்டியோடு இருக்கின்றன. உண்மையாகவே உதவ விரும்புகிறவர்கள் ஒரு மூட்டை புண்ணாக்கு எடுத்துவரலாம், சிரிக்க மாட்டோம்.

எப்படி வந்து சேர்வது, எத்தனை நாள் நிற்பது?

ஏ9 வீதியில் உள்ள மாங்குளம் வரை பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து, அங்கிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் ஒட்டுசுட்டானில் இறங்குங்கள். இறங்கிப் போன் செய்தால் ஓட்டோ வரும். தையிலும் இடைக்கிடை மழை பெய்யும், உள்வீதி சேறு, குதிச்சப்பாத்தை ரொறன்ரோவிலேயே விட்டுவிடவும். இரவில் தனியாக மோட்டார் சைக்கிளில் வர வேண்டாம், யானை நிற்கும்.

கல்யாணத்தன்று மரக்கறிச் சாப்பாடு. ஆட்டிறைச்சி கேட்டவர்களுக்கு நாலாஞ் சடங்கன்று பக்கத்து வீட்டில், அதாவது மாமி வீட்டில், தனிப் பந்தி இருக்கிறது. அதற்கு நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகும்போது றோட்டால் சுற்ற வேண்டாம், படலையால் போகலாம்.